நனையாத நிபுணர்

முன்கூட்டியே சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் இந்த இனம் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். நாளைக் காலை உங்களுக்கு வயிற்றில் ஸ்கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஜில்லுனு ஒரு பசையைத் தடவுவாங்க, மூச்சை இழுத்துப் பிடிங்கம்பாங்க, சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க" என்று பக்கத்து மேஜைக்காரர் ஆரம்பிப்பார். முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறீர்களா? காது அடைப்பது எப்படி இருக்கும் என்பதை, இங்கேயே, தரையிலேயே, பேசிப் பேசி உங்கள் காதை அடைத்துக் காட்டிவிடுவார். உங்களுக்கு நடக்கப் போவது எதுவும் உங்களுக்கு முதலில் நடந்துவிடக் கூடாது. அதில் அவருக்கு அப்படி ஓர் அக்கறை.

நமக்கு வாய்த்தவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் ஆசிரியர். அவருடைய காரில் பிரேக் இரண்டு. ஒன்று பழகுகிறவர் காலடியில், இன்னொன்று இவர் காலடியில். பழகுகிறவர் பிரேக் போடலாமா என்று யோசிக்கும்போதே இவர் போட்டுவிடுவார். அதற்குத்தான் சம்பளம், அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காலை அவரால் தூக்க முடிவதில்லை. மனைவி வெங்காயம் நறுக்கினால் இவர் வலது கால் சமையலறைத் தரையை அழுத்தும். எதிர்வீட்டுக்காரர் ஏணியில் ஏறினால் ஜன்னல் ஓரத்தில் நின்று அழுத்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவியோடு பாப்டிஸ்ட் சபைக்குப் போவார். அந்தச் சபையில் கைக்குழந்தைகளின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதில்லை. வளர்ந்து, யோசித்து, விசுவாசித்து, தானாக வந்து கேட்கிறவரைத்தான் மேடைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் இறக்கி, தலை முதல் கால்வரை தண்ணீருக்குள் முழுக்கி எடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள். தண்ணீர், வெள்ளை அங்கி, பார்த்துக்கொண்டிருக்கும் சபை, நடுவில் இதுவரை அந்தப் பக்கமே போகாத ஓர் ஆள். முன்கூட்டியே சொல்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஞானஸ்நானம் எடுக்கப் பெயர் கொடுத்த ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. சபையின் இளவட்டங்கள் அவருக்கு 'டிரெய்லர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். படத்துக்கு முன்னால் வருவார். படத்தைவிட நீளமாக வருவார்.

இப்படியிருக்க, ஒருநாள் மாலை அவருடைய கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். அதிகம் பேசாதவள். எதையும் நாலு பேரிடம் கேட்டு முடிவு செய்கிற பழக்கம் இல்லாதவள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை வைத்த கையோடு சொன்னாள்:

"அக்கா, நான் ஞானஸ்நானம் எடுக்கறதா பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசம்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். இப்ப என்ன நடக்கும்னு சொல்றேன், கேட்டுக்கோ. முதல்ல அங்கி. வெள்ளை. அடி ஓரத்துல ஈயக் குண்டு வெச்சுத் தெச்சிருப்பாங்க."

"ஈயமா? எதுக்கு அத்தான்?"

"தண்ணில இறங்கினா துணி குடை மாதிரி மேல விரியுமில்ல? விரியாம இருக்கத்தான். கனமா இருக்கும். கீழ இழுக்கும். பயப்படாதே."

அதுவரை அவள் பயப்படவே இல்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்புறம் படி. ஓடு பதிச்ச படி, வழுக்கும். போன தடவை அந்தத் தபால்கார அம்மா ஒரு படி விட்டு இறங்கிட்டாங்க, பாவம். சரி, அதை விடு. பாஸ்டரோட ஒரு கை உன் கழுத்துக்குப் பின்னால, ஒரு கை உன் கை மேல. மூக்கு மேல ஒரு கைக்குட்டை. அப்படியே பின்னால சாய்ப்பாரு. நீ விறைச்சுக்கக் கூடாது. விறைச்சா மிதப்பே. மிதந்தா அவர் அழுத்தணும். அழுத்தினா..."

"அழுத்தினா?"

"பயப்படாதே."

ஒத்திகையும் நடந்தது. சோபாவில் அவளை உட்காரவைத்து, தட்டுத் துடைக்கும் துணியை மூக்கில் வைத்து, "இப்ப சாய், இப்ப முட்டியை மடக்கு, இப்ப மூச்சை விடாதே, நான் சொல்றப்ப விடு" என்று ஒரு மெத்தைத் திண்டுக்குள் அவளை முழுக்கி எடுத்தார். எடுக்கும்போது அவர் சட்டைப் பொத்தானில் அவள் முடி மாட்டிக்கொண்டது.

"முதல்ல அவ மூச்சு விடட்டும், விடுங்க" என்றாள் மனைவி.

இப்போது உங்கள் காதில் மட்டும் ஒரு விஷயம். இந்தப் பெரிய மனிதர், சபையில் உள்ள அத்தனை பேரையும் வாயாலேயே முழுக்கி எடுத்தவர், அந்தத் தொட்டியில் ஒரு கால் விரலைக்கூட வைத்ததில்லை.

எப்படித் தப்பித்தார் என்கிறீர்களா? ரொம்ப எளிது. பிறந்த குழந்தையாக இருந்தபோது வேறொரு சபையில் அவர் நெற்றியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கல்யாணம் ஆகி மனைவியின் சபைக்கு வந்தபோது யாரோ கேட்டார்கள், "ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்று. "அதெல்லாம் அந்தக் காலத்துலயே" என்றார். பொய்யா? இல்லை. உண்மையா? அதைக் கேட்பதற்குள் அவர் அடுத்தவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். விளக்குகிறவரைப் பார்த்து 'நீ போயிருக்கிறாயா' என்று யார் கேட்பார்கள்?

கடவுள்மேல் அவருக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் தண்ணீர்மேல்தான். தலைக்கு மேலே தண்ணீர் வந்தால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படி. குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு முதுகை மட்டும் காட்டுவார். தலைக்குக் குவளையால் ஊற்றிக்கொள்வார், அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு, கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல். ஞானஸ்நான ஞாயிறு என்றால் முதல் வரிசையில் இடம் பிடிப்பார். முழுகி எழுந்து வருகிறவர்களைத் தாழ்வாரத்திலேயே மடக்கி, துண்டோடு நிற்கவைத்து, "எப்படி இருந்தது? மூக்குல போச்சா? அடி வழுக்குச்சா?" என்று விசாரித்துச் சேர்த்துவைப்பார். சேர்த்ததை அடுத்தவருக்கு வினியோகிப்பார். இதற்குத்தான் அனுபவம் என்று பெயர்.

அடுத்த சில வாரங்கள் கொழுந்தியாளின் போன் சூடு ஆறவில்லை. கடையின் இருட்டறையில், முகத்தைக் கருவியில் பதித்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பார். போன் அதிரும். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், சூடாக்கற கருவி சில சமயம் வேலை செய்யாது, தண்ணி பனிக்கட்டி மாதிரி இருக்கும், திடீர்னு பட்டா மூச்சு நின்னுடும், அதனால முன்னாடியே மூச்சை இழுத்து வெச்சுக்கோ, ஆனா ரொம்ப இழுத்துடாதே." அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கருவிக்குத் திரும்புவாள். "இது தெளிவா, இது தெளிவா?" என்பாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அந்தப் பெரியவர். "நீங்க லென்ஸே மாத்தல."

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நான் அடுத்த தடவை எடுத்துக்கறேன்."

"ஏண்டி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணை மூடினா தண்ணிக்குள்ள இருக்கற மாதிரியே இருக்கு. முகம் கழுவறப்பகூட நெஞ்சு அடைக்குது. நான் இப்படி இருந்ததே இல்லையே அக்கா. எனக்கு நம்பிக்கை குறைஞ்சுபோச்சோன்னு பயமா இருக்கு."

அக்கா போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். வந்த வேகத்திலேயே அவருக்கு விஷயம் பாதி புரிந்தது.

"அவளை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நான் என்ன பண்ணேன்? தயார் பண்ணேன்."

"தயார் பண்ணின லட்சணம், அவ முகம் கழுவப் பயப்படறா! நெஞ்சு அடைக்குதாம். தன்னோட விசுவாசத்தையே சந்தேகப்படறா!"

'நெஞ்சு அடைக்குது' என்ற வார்த்தை அவரை எங்கேயோ தைத்தது. அது அவருடைய சொந்தச் சரக்கு. இத்தனை நாள் பத்திரமாக உள்ளே பூட்டிவைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண்ணின் தலைக்குள் ஏற்றிவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. காது மடல் சூடானது. வெட்கம்தான். ஆனால் வந்த சுருக்கில் போய்விட்டது. 'இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும்' என்று முடிவு செய்துகொண்டார். இந்த இனத்தை நீங்கள் அவ்வளவு லேசாக எடை போட்டுவிடக் கூடாது.

அக்கா அவளைச் சமாதானப்படுத்தி, "வந்து சும்மா உக்காரு, முடியலைன்னா திரும்பிடலாம்" என்று சொல்லி அழைத்துவந்தாள்.

ஞாயிறு. மேடையின் பலகைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே நீல ஓடு பதித்த தொட்டி, மேலே மெல்லிய ஆவி. சூடாக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்திருந்தது, நம் ஆளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். போதகர் அங்கிக்கு உள்ளே மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு, மீன் பிடிக்கப் போகிறவர்போல் தண்ணீரில் நின்றார். தொட்டி ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு மைக், முழுகப் போகிறவர்கள் ஏன் வந்தோம் என்று தங்கள் சாட்சியைச் சொல்வதற்காக. முதலில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் இறங்கினார். கனத்த ஆள். சாய்ந்தார், மறைந்தார், எழுந்தார். ஏதோ பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தவர்போல முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனார்.

அடுத்தது அவள். மைக்கில் அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. நான்தான் வரணும்னு நினைச்சேன்." பிறகு படியில் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

போதகர் கையை நீட்டினார். "அவசரமே இல்லம்மா" என்றார். அவள் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாடகர் குழு சரணத்தைப் பாடி முடித்தது. அவள் நகரவில்லை. மறுபடியும் பாடியது. அவள் நகரவில்லை. பாடல் நடத்துகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மூன்றாவது தடவைக்குக் கையை உயர்த்தினார். முதல் வரிசையில் நம் ஆசிரியரின் வலது கால் சிமெண்டுத் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? எழுந்துவிட்டார்.

"முட்டியை மடக்கு! மூச்சை இழுத்துக்கோ! விறைச்சுக்காதே!"

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிடி நழுவியது. அவர் மேடைமேல் ஏறி, தொட்டி ஓரத்தில், சரியாக அந்த மைக்குக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். பாட்டு நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆனால் குரல் கடையில் பேசுகிற குரல்.

"அத்தான்."

"சொல்லும்மா. முதல்ல வலது காலை..."

"நீங்க உள்ள போனப்ப எப்படி இருந்தது?"

"அது வந்து, பொதுவா என்னன்னா..."

"பொதுவா வேண்டாம். உங்களுக்கு எப்படி இருந்தது? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. ஊகிச்சுச் சொல்லக் கூடாது."

கண் சோதனைக்கு வருகிற எல்லோரிடமும் அவள் சொல்வதுதான் அது. அவர் வாயில் வாக்கியங்கள் வரிசைகட்டி நின்றன. தபால்கார அம்மா சொன்னது, இத்தனை வருடங்களாக ஈரத் தலைகளிடமிருந்து வாங்கிச் சேர்த்தது எல்லாம். அதில் ஏதாவது ஒன்றை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கண்ணில் பட்டன. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்போது தன் விரல்கள் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படியே இருந்தன.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "நான் இறங்கினதே இல்ல. எனக்குப் பயம்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மைக்குக்கு அது தெரியாதல்லவா? 'பயம்' என்ற சொல் ஒலிபெருக்கிகள் வழியாகக் கிளம்பி, பாடகர் குழுவைத் தாண்டி, கடைசி வரிசையில் கண்ணயர்ந்திருந்தவரைத் தட்டி எழுப்பி, கதவு வழியாக வெளியே கார் நிறுத்தும் இடம்வரை போய்விட்டு வந்தது. பாடல் நடத்துகிறவரின் கை இன்னும் இறங்கவில்லை.

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தாள்.

"அப்ப நீங்க இத்தனை நாளா சொன்னது?"

"எல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது."

"ஈயம்?"

"ஈயம் நிஜம்."

அவள் கம்பியை விட்டாள். அவ்வளவு பெரிய பயமும் தன்னுடையதே இல்லை, அத்தான் வீட்டுப் பயம், தவறுதலாகத் தன் விலாசத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்துபோனால் பிறகு எதற்கு அதைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும்? மிச்சப் படிகளில் இறங்கிப் போய்ப் போதகரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்றார் போதகர். அவள் பின்னால் சாய்ந்தாள். முகத்தின்மேல் தண்ணீர் மூடியது. தொட்டி ஓரத்தில் மண்டியிட்டிருந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் எழுந்தாள். சபை "ஆமென்" என்றது. அவள் முடியிலிருந்து தண்ணீர் வழிய, கண்ணைத் திறந்து, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு முகத்தோடு நின்றாள். அவர்தான் இன்னும் மூச்சு விடவில்லை. இருமல் வந்தபிறகுதான் நினைவு வந்தது.

வீட்டுக்குப் போகும்போது மனைவி கார் ஓட்டினாள்.

"இத்தனை வருஷமா?" என்றாள் கடைசியில்.

"நான் எடுத்தேன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"எடுக்கலைன்னு சொல்லியிருக்கீங்களா?"

அதற்கு அவரிடம் விளக்கம் இல்லை. அது அவருக்கே புதிதாக இருந்தது.

"பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"பக்கத்துல வந்து நின்னிருப்பேன். சும்மா. வாயை மூடிக்கிட்டு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே ஒரு லாரி கொஞ்சம் நெருக்கமாகத்தான் வந்தது. அவர் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஞானஸ்நான வகுப்பில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், சபை முழுக்க அவரைச் சூழ்ந்துகொண்டது. ரொட்டிக் கடைக்காரர் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளச் சொன்னார். தபால்கார அம்மா இறுக்க மூடிக்கொள்ளச் சொன்னார். ஒருவர் காதில் பஞ்சு என்றார், இன்னொருவர் பஞ்சு வைத்துப் பட்ட பாட்டைச் சொன்னார். கொழுந்தியாளோ தினம் ஒரு தடவை போன் செய்தாள். "அத்தான், நான் நேர்லயே போயிட்டு வந்தவ, சொல்றேன் கேளுங்க. அந்த மூணாவது படி இருக்கே..." என்று தொடங்கி, அதிகம் பேசாத அந்தப் பெண் அரை மணி நேரம் பேசுவாள். முடிக்கும்போது, "பயப்படாதீங்க" என்பாள். அந்த வார்த்தை கேட்கிற பக்கத்தில் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாளும் வந்தது. மைக்கை ஜாக்கிரதையாகத் தள்ளி வைத்திருந்தார்கள். மனைவி ஒரு துண்டோடு தொட்டி ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று அவளை ஒருமுறை பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். போதகர் சாய்த்தபோது அவர் உடம்பு பலகைபோல விறைத்தது, மிதந்தது, போதகர் அழுத்தத்தான் வேண்டியிருந்தது. அவர் சொன்னதில் இது ஒன்று பலித்துவிட்டது. ஆனால் போனார். முழுவதுமாகப் போனார். எழுந்தார். முதல் மூச்சு பெரிய சத்தத்தோடு வந்தது. மனைவி துண்டை விரித்து அவர் தோளில் போர்த்தினாள்.

தாழ்வாரத்தில் பாதிச் சபை காத்துக்கொண்டிருந்தது. போகாமலே இவ்வளவு பேசிய மனிதர், போய்விட்டு வந்து என்னவெல்லாம் பேசப் போகிறாரோ? சிலர் உட்கார நாற்காலிகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அத்தான், எப்படி இருந்தது?" என்றாள் கொழுந்தியாள், முந்திக்கொண்டு.

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஈரமா இருந்தது" என்றார். உடை மாற்றப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவி யோசித்தாள். நல்லவேளையாக எட்டாம் நாள், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்குவதாகக் கேள்விப்பட்டு எழுந்து போனார்.

ஆக, இந்த இனம் அழிந்துவிடும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது ஒருவரிடமிருந்து இறங்கினால் இன்னொருவர்மேல் ஏறிக்கொள்ளும். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். கழுத்துக்குப் பின்னால் எந்தக் கை, விறைத்தால் என்ன ஆகும், கைக்குட்டை எங்கே என்பதெல்லாம் இப்போது உங்களுக்கு மனப்பாடம். நாளைக்கே உங்களுக்குத் தெரிந்த ஒருவர், ரொம்பக் கூச்சத்தோடு, "அடுத்த மாதம் நான் ஞானஸ்நானம் எடுக்கிறேன்" என்று சொல்லக்கூடும். "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவீர்களா?

அதற்குள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்களே.